அளவு தப்பாத அறை

எங்கள் பக்கத்தில் கட்டிய வீடுகளில் நான்கு மூலையும் சரியாக இருக்கும் அறையை நான் இதுவரை பார்த்ததில்லை. கொத்தனார் மூலைமட்டம் வைத்துத்தான் கட்டுவார்; ஆனால் பூச்சு வேலை நடக்கிற அன்று அவர் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். அதனால் எந்த அறையை அளந்தாலும் நீளம் அகலத்தோடு விடமாட்டேன். மூலைக்கு மூலை குறுக்காகவும் டேப் பிடித்துப் பார்ப்பேன். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் அறை நேராக இருக்கிறதென்று அர்த்தம். அம்மாவின் அறையில் அவை ஒன்றாக இல்லை. அந்தக் கோணலையும் சேர்த்தே நான் மாடல் செய்தேன். என் லேப்டாப்பில் அதைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா நெசம் மாதிரியே இருக்கு?" என்று நேற்றுக் கேட்டீர்களே மேடம், அதற்குப் பதில் இதுதான். கோணலைத் திருத்தாமல் விட்டால் நிஜம்போல இருக்கும்.

முழுவதையும் என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குக் கஷ்டம் இல்லை. உங்கள் ஸ்டேஷனில் ஃபேன் நன்றாக ஓடுகிறது, யாரும் கத்துவதில்லை. இப்படி உட்கார்ந்து வெகு நாளாகிறது.

என் பெயர் எழில்மொழி. வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டப்போகும் அறை எப்படியிருக்கும் என்று கணினியில் முன்கூட்டியே செய்து காட்டுவது என் வேலை. சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். அம்மாவுக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன என்று தகவல் வந்ததும் ஊருக்குப் புறப்பட்டேன். மன்னார்குடியில் இறங்கி எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறும்போது, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று கொஞ்சம் துணிதான் எடுத்து வந்திருந்தேன். அதன்பிறகு சென்னைக்குப் போகவேயில்லை. கம்பெனியில் நல்லவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள்.

அம்மாவின் பெயர் அம்சம். அடுத்தவர் வயலில் நட்டும் களையெடுத்தும் என்னையும் தம்பி சேரனையும் படிக்கவைத்தவள். அதில் எந்தக் குறையும் நான் சொல்லமாட்டேன். சேரன் சிங்கப்பூரில் இன்ஜினியர். நாங்கள் பிறந்து வளர்ந்த ஓட்டு வீட்டுக்கு முன்னால் மண்ணடித்து மேடாக்கி, தளம் போட்ட வீடு கட்டினான். அதில் கிழக்குப் பார்த்த பெரிய அறை அம்மாவுக்கு. சன்னலைத் திறந்தால் வாய்க்கால் வரைக்கும் வயல் தெரியும். பின்னால் இருந்த ஓட்டு வீட்டை இடிக்க மனமில்லாமல் விறகும் சாக்கும் போட்டு வைத்திருந்தோம்.

வாதம் உடம்பை எடுத்ததோடு நிற்கவில்லை. மெல்ல மெல்லப் புத்தியையும் எடுத்துக்கொண்டது. அம்மா தூங்கமாட்டாள். "சேரா, சேரா" என்று கத்துவாள். தம்பி பெயரைத்தான் கத்துவாள். நான் போய் நின்றால், "நீ யாரு புள்ள? எந்தத் தெரு?" என்பாள். ஊட்டுகிற சோற்றை என் முகத்திலேயே துப்புவாள். பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, எத்தனை நாள்தான் காத்திருப்பார்கள்? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்து அழுவேன். சில நாள் எதற்கு அழுகிறேன் என்பதே மறந்துபோகும். எனக்கும் வாழவேண்டும்போல இருந்தது மேடம், ஆனால் எப்படி என்று தெரியவில்லை.

தஞ்சாவூரில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தம்பியிடம் சொன்னேன்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? சேத்துல நின்னு நம்மள படிக்கவச்ச அம்மாவக் கொண்டுபோயி ஹோம்ல போடுறதா? ஊரே காறித் துப்பும்."

"அப்ப நீ வந்து பாத்துக்க."

அடுத்த வாரம் சுவிட்சைத் தட்டினால் ஏறி இறங்கும் கட்டில் ஒன்று வந்தது. அதற்கடுத்து ஏசி வந்தது. அவன் வரவில்லை.

அந்த அறையை நான் அளந்தது நல்ல எண்ணத்தில்தான். கட்டிலிலிருந்து குளியலறைவரை சுவரில் கைப்பிடிக் கம்பி பதிக்கலாம் என்று நினைத்தேன். அதற்காக அளவெடுத்து மாடல் போட்டேன். டேப்பின் நுனியைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டது அம்மாதான். ஏதோ வரப்பு அளக்கிற நினைப்பில் இருந்தாள். சன்னல் கம்பிகள், பூச்சில் இருந்த வெடிப்பு, ஆணி, ஆணியில் தொங்கிய அப்பா படம், எதையும் விடவில்லை. கம்பி பதிக்க ஆள் வருவதற்குள் அம்மா எழுந்து நடப்பது நின்றுபோனது. மாடல் மட்டும் கணினியில் தங்கிவிட்டது.

ஓட்டு வீட்டுக்கு அம்மாவை முதன்முதலில் கொண்டுபோனது ஒரு மணி நேரத்துக்காகத்தான். கம்பெனியில் முக்கியமான மீட்டிங். வாடிக்கையாளர் பேசப் பேச, பின்னால் அம்மா கத்திக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தைய மீட்டிங்கிலும் அப்படித்தான் ஆகி, இனி நடக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பழைய கயிற்றுக் கட்டிலில் கிடத்தினேன். அம்மா ஓட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கத்துவதை நிறுத்திவிட்டாள். அவள் வாழ்ந்த வீடு அதுதானே? இதை நீங்கள் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அங்கேதான் பிடித்திருந்தது.

மீட்டிங் முடிந்தது. நான் அம்மாவின் அறையில் ஏசியைப் போட்டுவிட்டு, சும்மா கொஞ்ச நேரம் படுத்தேன். விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அதன்பிறகு என் மேசையும் கணினியும் அந்த அறைக்கு வந்தன. ஏசி இல்லாவிட்டால் அந்தக் கணினி சூடேறி நின்றுவிடும்.

சேரன் தினமும் வீடியோவில் கூப்பிடுவான். அம்மா முகத்தைப் பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. இப்போதெல்லாம் எந்த வீடியோ அழைப்பிலும் பின்னணியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, உங்களுக்கே தெரியும். நான் செய்ததெல்லாம் அதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ததுதான். தலையணைக்கும் கட்டிலுக்கும் பச்சைத் துணி விரித்து, பின்சுவரிலும் பச்சைத் துணியை இழுத்துக் கட்டினேன். பச்சை இருக்கிற இடமெல்லாம் மறைந்து, அங்கே என் மாடல் வந்துவிடும். கிழக்குச் சன்னல், அதில் வெயில், வெள்ளைத் தலையணை, பக்கத்தில் மருந்து மேசை. நடுவில் அம்மா. அந்தந்த நேரத்துக்குத் தகுந்தபடி வெயிலைச் சாய்த்து வைப்பேன்.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று நடந்தது. அம்மா அந்தப் பச்சைத் துணியை நாற்றங்கால் என்று நினைத்துக்கொண்டாள். நல்லாயிருந்த வலது கையால் அதைத் தடவிக்கொண்டே, "நாத்து நல்லா வந்திருக்கு தம்பி, பறிச்சிடலாம்" என்பாள். சேரன், அம்மா சன்னல் வழியாக வயலைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்துக் கண்கலங்குவான். "நல்லாப் பாத்துக்கிறக்கா. நீ இல்லன்னா நாங்க என்ன ஆவோம்?" என்பான். அழைப்பு முடிந்ததும் ஓட்டு வீட்டுக் கதவை வெளியே தாழிட்டுவிட்டு வேலைக்குப் போவேன். நாய் உள்ளே போய்விடக்கூடாது என்றுதான் தாழ்ப்பாள்.

ஒரே ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

"அக்கா, ஏன் அம்மாவ வடக்க தலவச்சு படுக்கப் போட்டிருக்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வடக்கே தலை வைத்துப் படுப்பதென்றால் எங்கள் அம்மா செத்தாலும் சம்மதிக்கமாட்டாள். அந்தப் புத்தி கலங்கிய நிலையிலும், கட்டிலைத் திருப்பிப் போட்டால் தலையணையை இழுத்துத் தெற்கே போட்டுக்கொள்வாள். ஓட்டு வீட்டில் அவள் தெற்கே தலைவைத்துச் சரியாகத்தான் படுத்திருந்தாள். பிறகுதான் உறைத்தது. அங்கே கேமராவை மேற்குப் பார்க்க மட்டுமே வைக்க முடியும். அப்படிப் பார்த்தால் அம்மாவின் தலை இடது பக்கம் வரும். நானோ அவளுக்குப் பின்னால் கிழக்குச் சன்னலைக் காட்டிக்கொண்டிருந்தேன். கிழக்குப் பார்த்து நிற்பவனுக்கு இடது பக்கம் வடக்கு. நாற்றங்கால், வெயில், மருந்து மேசை எல்லாம் பார்த்து ஏமாந்தவன், திசையில் பிடித்துவிட்டான். நம் ஊர்க்காரனைத் திசையில் ஏமாற்ற முடியாது.

"மறந்துட்டேன்டா. நாளைக்கு மாத்திப் போட்டுடுறேன்," என்றேன்.

படத்தை இடவலமாகப் புரட்டிவிடலாமா என்று பார்த்தேன். அம்மாவின் மூக்குத்தி மறுபக்கம் போய்விட்டது. அதனால் டேப்பை எடுத்து அறையின் மேற்குச் சுவரைத் திரும்ப அளந்தேன். குளியலறைக் கதவு, சுவிட்ச் போர்டு, அலமாரி. முந்தைய முறை அந்தப் பக்கத்தை மேலோட்டமாகத்தான் செய்திருந்தேன். கட்டிலை அந்தச் சுவர் ஓரமாகப் போட்டதுபோல மாடலைத் திருத்த ஒரு பகல் முழுக்க ஆயிற்று. சேரன் பார்த்துவிட்டு, "இப்பதான் சரி" என்றான். அம்மாவையே திரும்ப அந்த அறைக்குக் கொண்டுபோயிருந்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்திருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். நியாயமான கேள்விதான். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

தண்ணீர் குறைவாகக் கொடுத்தால் துணி நனைவதும் குறையும் என்று நானாகத்தான் கண்டுபிடித்தேன். முதுகில் புண் வந்தது உண்மை. மஞ்சள் வைத்தேன், பவுடர் போட்டேன். டாக்டரைக் கூப்பிட்டால் அவர் ஓட்டு வீட்டுக்கு வரவேண்டியிருக்கும். வீடியோவில் முதுகு தெரியாது, வாடை வராது. என் வேலை அந்த மாதங்களில் நன்றாக நடந்தது. கம்பெனியில் பாராட்டினார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் பாட்டுக்கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கார்த்திகை மழை. புயல் சின்னம் என்றார்கள், வாய்க்கால் உடைந்தது. முன்வீடு மேட்டில் இருக்கிறது, தண்ணீர் ஏறாது. ஓட்டு வீடு பள்ளம். மதியம் நான் போய்ப் பார்த்தபோது விறகெல்லாம் மிதந்துகொண்டிருந்தது. அம்மாவின் வலது கால் கட்டிலுக்கு வெளியே தொங்கி, பாதம் தண்ணீரில் இருந்தது. காலைத் தூக்கி வைப்பதற்குள் சேரன் கூப்பிட்டுவிட்டான். டிவியில் டெல்டா மழையைப் பார்த்துப் பதறியிருந்தான். இடுப்புக்குமேல் தெரிகிற மாதிரி லேப்டாப்பை வைத்தேன். மழைக்காக எதிர்ச் சன்னலைச் சாத்தி டியூப் லைட் போட்டதுபோல மாடலில் ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தேன்.

"தண்ணி வருது தம்பி," என்றாள் அம்மா. "காலுக்கு வந்துடுச்சு."

அவன் சிரித்தான். கவலையோடு இருந்தவனுக்கு அந்தக் காய்ந்த, வெளிச்சமான அறையைப் பார்த்ததும் உயிர் வந்திருந்தது. "வரட்டும்மா. தண்ணி இல்லாம எப்புடி நடுவ?"

"ஜில்லுன்னு இருக்குடா."

"சீக்கிரம் நட்டுட்டு கரையேறிடு. ஏன்க்கா, அம்மா இன்னக்கி நல்லாப் பேசுதுல்ல?"

"ஆமாண்டா. காலையிலேருந்து நடவுலதான் நிக்கிது," என்றேன்.

நானும் அதே தண்ணீரில்தான் நின்றேன் மேடம், என் முழங்காலுக்குக் கீழே. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரோ பொய் சொல்வதைக் கேட்பதுபோலப் பார்த்தாள். பிறகு துணியைத் தடவ ஆரம்பித்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் டிராக்டர் நின்றது. இராஜாங்கம் மாமா, அடுத்த தெரு. முடியாதவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"எழிலு, அம்சத்தத் தூக்கிட்டு வரட்டுமா? நாலு பேரு இருக்கோம்."

"வேணாம் மாமா. முன்வீட்டுல தண்ணி ஏறாது."

"அதுஞ் சரிதான். சேரனும் இப்பதான் போன் பண்ணுனான். அம்மாவ வீடியோவுல பாத்துட்டேன், நல்லாருக்கு, அலைக்கழிக்க வேணாம்னுட்டான்." அவர் திருப்தியாகப் போனார். பெற்ற பிள்ளையே பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

நாலு பேர் இருந்தார்கள், ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் மேசையைத் தட்டிக் கேட்டீர்கள். தூக்கியிருந்தால் முதுகைப் பார்த்திருப்பார்கள். இவ்வளவு நாள் என்னை நல்ல மகள் என்று சொன்ன ஊர் அது. இருட்டுவதற்குள் நானே அம்மாவைக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். அறையில் முதலில் கணினியை ஒதுக்கவேண்டும், கட்டிலில் கிடந்த பிரிண்டரையும் ஒயர்களையும் எடுக்கவேண்டும். கம்பெனிக்கு அனுப்பவேண்டிய அறைப் படம் ஒன்று கணினியில் பாதி உருவாகிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் தீருவதற்குள் அது முடியட்டும் என்று உட்கார்ந்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் போனபோது அம்மா கட்டிலில் இல்லை. பச்சைத் துணி பாதி கிழிந்து தண்ணீரில் கிடந்தது, அம்மா அதன் கீழே இருந்தாள். அவளை நான் தனியாகத்தான் தூக்கினேன். தூக்கிக்கொண்டு வந்து முன்வீட்டு அறையில், ஏறி இறங்கும் கட்டிலில், தெற்கே தலைவைத்துக் கிடத்தினேன். முடிந்தது. அதுவரை என்னால் தனியாக முடியாது என்றே நினைத்திருந்தேன். துடைத்து, சேலை மாற்றி, பவுடர் போட்டு, பிரிண்டரை வெளியே வைத்தேன். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று தம்பிக்குச் சொன்னேன்.

சேரன் வந்து அந்த அறையைச் சுற்றிப் பார்த்தான். கதவு, சுவிட்ச் போர்டு, அப்பா படம், எல்லாம் அவன் தினமும் பார்த்த மாதிரியே இருந்தன. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எரிக்கக் கொண்டுபோகும் முன் குளிப்பாட்ட வந்த பெண்கள்தான் அம்மாவைப் புரட்டியதும் நின்றுவிட்டார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இராஜாங்கம் மாமாவின் சம்சாரம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது படுத்த புண்ணு இல்லடி, போட்ட புண்ணு" என்றாள். பிறகு யாரோ சேரனைப் பின்பக்கம் அழைத்துப் போனார்கள். அவன் ஓட்டு வீட்டு வாசலில் நின்று, ஆணியில் மிச்சமாகத் தொங்கிய பச்சைத் துணியைப் பார்த்தான். "தண்ணி வருதுன்னு எங்கிட்ட சொன்னிச்சே," என்றான். "நான் நட்டுட்டு வான்னு சொன்னேனே," என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனுக்கு அந்தச் சேதி தெரியவேண்டிய அவசியமே இல்லை. அம்மா நிம்மதியாக இருக்கிறாள் என்று அவன் நினைக்கவேண்டும் என்பதற்காகத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. மழைச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்டிருக்காது என்று உங்கள் ஏட்டு எழுதி வைத்திருக்கிறார். அது தவறு, திருத்திவிடுங்கள். மழை அப்போது விட்டிருந்தது. நான் மேசைமுன் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. சேரனைக் கூப்பிடவில்லை. "எழிலு" என்றாள். "எழிலு, அம்மாவத் தூக்குடி."

எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நான் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வயலில் நின்று கூப்பிடுவாளே, அதே குரல். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். நான் கையைக் கணினியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலுக்காக அத்தனை வருஷம் ஏங்கியவள் மேடம் நான். உடனே எழுந்துபோய் அதை நிறுத்திவிட எனக்கு மனசு வரவில்லை.